மென்பொருளை எவ்வளவு நம்பலாம்?

"பதினெட்டு நாளு வேலைக்குப் போனேன் தம்பி. சீட்டுல ஒம்போதுன்னு போட்டிருக்கு. நீங்கதானே கம்ப்யூட்டர் தம்பி? கொஞ்சம் பாருங்கய்யா."

2003ஆம் ஆண்டு. நான் கணினித் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவன். தொழிற்பயிற்சிக்காக ஈப்போவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். தோட்டங்களுக்கான செக்ரோல் நிரல் ஒன்றை அவர்கள் எழுதி விற்று வந்தார்கள். இன்றைய மாணவர்களில் பலருக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். யார் எந்த நாளில் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பால் எடுத்தார், அதற்குச் சம்பளம் எவ்வளவு, சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பிடித்தம் எவ்வளவு என்று தோட்டத்துக் கிராணி எழுதி வைக்கும் பெரிய பேரேடுதான் அது. அந்தப் பேரேட்டைக் கணினிக்குள் கொண்டு வந்ததுதான் எங்கள் நிரல்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்திற்கு என்னை அனுப்பினார்கள். பாதி பால்மரம், பாதி செம்பனை என்று மாறிக்கொண்டிருந்த தோட்டம். நிரலை நிறுவியபின் வந்த முதல் சம்பள நாள் அது. அலுவலக வாசலில் சம்பளச் சீட்டோடு நின்ற அந்த அம்மாவுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் செம்மோர் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன்தான். ஒன்பது நாள் சம்பளம் குறைந்தால் அந்த மாதம் கடைக்காரர் புத்தகத்தில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

நிரல் நின்று போகவில்லை. திரையில் எந்தச் சிவப்பு எழுத்தும் வரவில்லை. எல்லாச் சீட்டுகளையும் அழகாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்தது. கிளம்பும் முன் எங்கள் அலுவலகத்தில் அதை மூன்று வாரம் சோதித்தவனும் நானேதான்.

பிழை வேறு, பிறழ்வு வேறு

மென்பொருள் நம்பகப் பொறியியல் என்ற துறையை நான் பாடப் புத்தகத்தில் கற்றது அதற்கு அடுத்த ஆண்டு. அதன் முதல் பாடத்தை அந்த அலுவலக வாசலிலேயே கற்றுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இத்துறையில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிரலுக்குள் எழுதுபவர் விட்டுவைத்த தவறு பிழை. அது படுத்தே கிடக்கும். நிரல் ஓடும்போது, பயன்படுத்துபவர் எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்துகொண்டால் அது பிறழ்வு. பிழை எழுதியவரின் கணக்கில் சேரும். பிறழ்வு பயன்படுத்துபவரின் தலையில் விழும். நிரல் நின்றால்தான் பிறழ்வு என்பதில்லை. ஒன்பது நாளைத் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாலும் அது பிறழ்வுதான். சொல்லப்போனால், நின்று போகும் நிரலே மேல். ஆள் வந்து பார்ப்பார்கள்.

நம்பகத்தன்மைக்கு இத்துறையினர் தரும் இலக்கணம் இது: குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட கால அளவுக்கு, ஒரு மென்பொருள் பிறழாமல் இயங்குவதற்கான நிகழ்தகவு. இதில் 'பிழையே இல்லாத' என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சூழல், காலம், நிகழ்தகவு என்ற மூன்றும்தான் இருக்கின்றன.

பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தால் போதாதா என்று நானும் கேட்டிருக்கிறேன். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஆடம்ஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கின்றது. அந்நிறுவனத்தின் பெரிய மென்பொருள்களில் கண்டறியப்பட்ட பிழைகளை அவர் ஆராய்ந்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிழைகள், சராசரியாக 5,000 ஆண்டு ஓட்டத்திற்கு ஒரு முறைதான் பிறழ்வாக வெளிப்படக் கூடியவை. அடிக்கடி தொல்லை தருபவையோ மிகச் சிறிய விழுக்காடு. அப்படியானால் நூறு பிழைகளைத் திருத்திவிட்டேன் என்று மார்தட்டுவதில் பொருளில்லை. எந்த நூறு என்பதுதான் கேள்வி.

பன்னிரண்டு பூச்சியங்கள்

அந்த அம்மாவின் ஒன்பது நாள் எங்கே போனது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது.

நம் நாட்டில் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண் 1990இல் வந்தது. அதற்கு முன் இருந்தது ஏழு இலக்க எண். எங்கள் நிரல் பன்னிரண்டு இலக்கம் இல்லாமல் யாரையும் பதிவு செய்யாது. ஆனால் தோட்டத்துப் பழைய பதிவேட்டில் மூத்த தொழிலாளர் சிலருக்கு ஏழு இலக்கம் மட்டுமே இருந்தது. புதிய எண்ணை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. சம்பள நாள் நெருங்குகின்றது. நிரலோ விடமாட்டேன் என்கிறது. கிராணி ஐயா என்ன செய்வார்? பன்னிரண்டு பூச்சியங்களைத் தட்டிவிட்டார். நிரல் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆளுக்கும் அதே பூச்சியங்கள். அதையும் ஏற்றுக்கொண்டது.

நிரலுக்கு அந்த எண்தான் ஆளின் அடையாளம். ஆகவே வேறு வேறு கும்பலில் வேலை செய்த இரண்டு பெண்கள் அதற்கு ஒரே ஆள். ஒரே ஆள் ஒரு நாளில் இரண்டு முறை வர முடியாதல்லவா? எனவே ஒரு நாளுக்கு ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொண்டது. எந்தக் கங்காணியின் தாள் கடைசியாக உள்ளே போனதோ, அந்த நாள் அந்தக் கும்பலில் இருந்தவருக்கு. இப்படியாக இந்த அம்மாவுக்கு ஒன்பது. மற்றவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. அந்த இன்னொருவர் சீட்டைப் படிக்கத் தெரியாததால் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

நிறுவனத்தில் நான் இதைச் சொன்னபோது கிடைத்த பதில், "கிராணி தவறான எண்ணைக் கொடுத்தால் நாம் என்ன செய்வது?" என்பதுதான். அன்று நான் பேசாமல் இருந்தேன். இன்று என் கருத்தைச் சொல்கிறேன். வேறு வழி வைக்காமல் கதவை அடைத்துவிட்டு, சன்னல் வழியே வந்தவரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. நான் சோதித்த மூன்று வாரமும் என் நண்பர்களின் பெயரையும் எண்ணையும் போட்டுத்தான் சோதித்தேன். எல்லாரும் இருபது வயதுக்காரர்கள். எல்லாருக்கும் பன்னிரண்டு இலக்கம். நிரலின் ஒவ்வொரு பட்டியையும் சமமாகப் பத்து முறை அழுத்திப் பார்த்திருந்தேன். தோட்டம் என்ற சூழல் என் சோதனையில் இல்லவே இல்லை.

எதை, யார், எத்தனை முறை?

இதற்குத்தான் பயன்பாட்டு வரைவு என்ற ஒன்றை இத்துறையினர் முதலில் எழுதச் சொல்கிறார்கள். இக்கருத்தைப் பரப்பியவர் ஜான் மூசா. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடங்களில் பணியாற்றியவர். மென்பொருள் ஓடும் நேரத்தை அடிப்படையாகக் கொண்டு பிறழ்வுகளைக் கணிக்கும் முறையை 1975இல் வெளியிட்டார். 1987இல் இன்னும் இருவரோடு சேர்ந்து இத்துறைக்கு ஒரு பெரிய பாடநூல் எழுதினார். பயன்பாட்டு வரைவைப் பற்றிய அவருடைய கட்டுரை 1993இல் வந்தது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மென்பொருளை யார் யார் பயன்படுத்துகிறார்கள், எந்த எந்த வேலைக்கு, நூற்றுக்கு எத்தனை முறை என்று எண்ணி எழுத வேண்டும். பிறகு அதே விகிதத்தில் சோதனைகளைப் பங்கிட வேண்டும். அடுத்த மாதம் நான் கிராணி ஐயாவின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்ணினேன். நாள் தவறாமல் நடப்பது வருகைப் பதிவு. அடுத்தது நிறுவை. மழைக்காலத்தில் "வேலை இல்லை" என்று முழுத் தோட்டத்துக்கும் ஒரே பதிவு போடுவார். எங்கள் நிரலில் அதற்கு வழியே இல்லாததால் ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பெருமையோடு எழுதியிருந்த வண்ண வரைபட அறிக்கையை அவர் ஒரு முறைகூடத் திறக்கவில்லை. அதைச் சோதிக்க நான் நான்கு நாள் செலவிட்டிருந்தேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அடிக்கடி நடப்பது மட்டுமே முக்கியம் என்று எண்ணிவிடக் கூடாது. சம்பளக் கணக்கு மாதத்திற்கு ஒரு முறைதான் ஓடும். விகிதப்படி பார்த்தால் அதற்குச் சோதனையே கிடைக்காது. அரிதாக நடந்தாலும் தவறினால் பெரும் கேடு தருகின்ற வேலைகளைத் தனியே பிரித்து, அவற்றுக்கு விகிதத்தைவிட அதிகமாகச் சோதனை ஒதுக்க வேண்டும் என்பதும் மூசாவின் முறையிலேயே இருக்கின்றது.

கொஞ்சம் கணக்கு

கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம், எஸ்.டி.பி.எம்.மில் படித்ததுதான். புரிவதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நிரல் 400 மணி நேரம் பயன்பாட்டில் இருந்தது. 8 முறை பிறழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 8ஐ 400ஆல் வகுத்தால் மணிக்கு 0.02. இது பிறழ்வு வீதம். திருப்பி வகுத்தால் சராசரியாக 50 மணி நேரத்திற்கு ஒரு பிறழ்வு. இந்த வீதம் மாறாமல் இருக்கும் என்று கொண்டால், ஒரு வேலை தவறாமல் முடிவதற்கான நிகழ்தகவைக் காண்பது எளிது. வீதத்தை மணிக்கணக்கால் பெருக்கி, 2.718 என்ற எண்ணுக்கு அதையே எதிர்ம அடுக்காகப் போட வேண்டும். சம்பள வேலைக்கு 5 மணி நேரம் என்றால் பெருக்குத்தொகை 0.1; விடை ஏறக்குறைய 0.905. அதாவது பத்து சம்பள நாளில் ஒன்றில் தகராறு. மாதம் முழுவதும் 100 மணி நேரம் ஓடினால் விடை 0.135. ஒரு மாதம் தகராறே இல்லாமல் ஓட ஏழில் ஒரு வாய்ப்புத்தான். "ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு முறைதானே" என்று சொல்லும்போது நன்றாக இருந்த நிரல், "ஏழில் ஒரு மாதம்" என்று சொல்லும்போது எப்படித் தெரிகின்றது பாருங்கள்.

இன்னொரு கணக்கு இறுதியாண்டுத் திட்டம் செய்கின்றவர்களுக்கு. "முப்பது முறை ஓட்டினேன், ஒரு தவறும் வரவில்லை" என்று எழுதுகிறீர்கள். அதிலிருந்து என்ன சொல்லலாம்? மூன்றைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 3ஐ 30ஆல் வகுத்தால் 0.1. உண்மையான தவறும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல் இல்லை என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். அதற்கு மேல் சொல்லக் கூடாது. நூற்றுக்கு ஒன்றுக்குள் என்று சொல்ல ஆசையா? 300 முறை தவறாமல் ஓடவேண்டும். காரணம் எளிது: நூற்றுக்கு ஒன்று தவறுகின்ற நிரல் 300 முறை தொடர்ந்து தப்பிக்க வாய்ப்பு, 0.99ஐ 300 முறை பெருக்கினால் வருவது. அது ஏறக்குறைய 0.05. இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த 300 சோதனைகளும் உண்மைப் பயன்பாட்டைப் போலவே பொறுக்கியெடுக்கப்பட்டிருக்க வேண்டும். என் இருபது வயது நண்பர்களை வைத்து மூவாயிரம் முறை ஓட்டியிருந்தாலும் பூச்சியப் பிழை வெளிவந்திருக்காது.

மூன்றாவது, சீரமைக்கும் நேரம். 50 மணிக்கு ஒரு பிறழ்வு; ஈப்போவிலிருந்து ஆள் போய்ச் சரிசெய்ய 2 மணி என்றால், 52இல் 50 பங்கு நேரம்தான் நிரல் கையில் கிடைக்கின்றது; 96 விழுக்காடு. நாள்தோறும் நகல் எடுத்து வைத்து, கிராணியே கால் மணி நேரத்தில் மீட்கும்படி செய்துவிட்டால் 99.5 விழுக்காடு. ஒரு பிழையைக்கூடத் திருத்தாமல் கிடைத்த முன்னேற்றம் இது. இணையச் சேவைகளில் 99.9 விழுக்காடு என்று விளம்பரம் செய்கிறார்களே, அதுவும் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் இல்லாமல் போகலாம் என்றுதான் பொருள். கூகுள் நிறுவனத்தில் 2003 முதல் இதையே ஒரு தனித் துறையாக வளர்த்து, அனுமதிக்கப்பட்ட பிறழ்வு நேரத்தை வரவு செலவுக் கணக்குபோல வைத்திருக்கிறார்கள். அந்த இருப்புத் தீர்ந்துவிட்டால் புதிய மாற்றங்களை நிறுத்திவிட்டு நிலைப்படுத்தும் வேலையைப் பார்ப்பார்கள்.

காலமும் சூழலும் மாறும்போது

நம்பகத்தன்மையின் இலக்கணத்தில் காலத்தையும் சூழலையும் ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு வளைகுடாப் போரில் நடந்தது சான்று. பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, இடம் மாறி மாறிச் சில மணி நேரம் இயங்குவதற்கென்று கருதப்பட்டது. அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணும். 0.1 என்ற எண்ணை இரும எண்முறையில் முழுமையாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டி வைத்ததால் மிகச் சிறிய துண்டு விடுபட்டது. சில மணி நேரத்தில் அது ஒன்றுமில்லை. சவூதியின் தஹ்ரானில் அந்த அமைப்பு 100 மணி நேரத்திற்கு மேல் நிறுத்தாமல் ஓடியது. விடுபட்ட துண்டுகள் சேர்ந்து 0.34 விநாடி ஆயின. 1991 பிப்ரவரி 25ஆம் நாள் வந்த ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 படைவீரர்கள் மாண்டனர். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கு வந்து சேர்ந்தது.

வெடித்த டயர்

செக்ரோலிலிருந்து ஏவுகணைக்குப் போய்விட்டானே என்று நினைக்கலாம். நம் வீட்டுக்கு வருகின்ற விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 2005 ஆகஸ்டு 1. பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு மலேசிய ஏர்லைன்ஸ் 124, போயிங் 777. ஏறத்தாழ 38,000 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, வேகம் குறைகின்றது என்றும் வேகம் அளவுக்கு மிஞ்சுகின்றது என்றும் கருவிகள் ஒரே நேரத்தில் காட்டின. விமானத்தின் மூக்கு தானாக மேலே எழும்பியது. விமானம் 41,000 அடிவரை ஏறியது. வேகம் 270 நாட்டிலிருந்து 158 நாட்டுக்கு விழுந்தது. விமானிகள் தானியங்கியைத் துண்டித்து, போராடி, பெர்த்துக்கே திரும்பிப் பத்திரமாக இறக்கினார்கள்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 2007இல் அறிக்கை வெளியிட்டது. விமானத்தின் வேகம், நிலை, முடுக்கம் ஆகியவற்றைப் பறப்புக் கணினிக்குச் சொல்லும் பெட்டி ஒன்று உண்டு. அதில் ஆறு முடுக்கமானிகள். ஒன்று கெட்டால் மற்றவை பார்த்துக்கொள்ளும். லாரியில் ஸ்பேர் டயர் வைத்திருப்பதுபோல. ஐந்தாவது முடுக்கமானி 2001 ஜூனிலேயே கெட்டுவிட்டது. மென்பொருள் அதைக் கண்டுபிடித்து ஒதுக்கி வைத்தது. பெட்டி தொடர்ந்து ஓடக்கூடியதாகையால் நான்கு ஆண்டுகள் அப்படியே பறந்தது. 2005இல் ஆறாவது கெட்டது. அப்போது மென்பொருள் செய்த வேலை என்ன தெரியுமா? ஏற்கெனவே கெட்டது என்று தனக்கே தெரிந்த ஐந்தாவதின் அளவுகளை மீண்டும் எடுத்துக்கொண்டது. வெடித்த டயரையே தூக்கி மாட்டியதற்குச் சமம்.

அந்தப் பிழை ஏன் முன்பே சிக்கவில்லை? அந்த மென்பொருள், வடிவமைப்பின்போது எழுதப்பட்ட தேவைகளுக்கு எதிராகத்தான் சோதிக்கப்பட்டது. இப்படியொரு சூழ்நிலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே யாரும் சோதிக்கவில்லை. அறிக்கையில் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குப் பன்னிரண்டு பூச்சியங்கள் நினைவுக்கு வந்தன. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் எழுதியதும், ஈப்போ கடைவீட்டு மாடியில் நாங்கள் எழுதியதும் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தன. இன்னொன்று: மாற்று ஏற்பாடு இருப்பதாலேயே பழுது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றது. ஸ்பேர் டயரில் ஓடுகின்ற லாரிக்காரருக்கு, தாம் ஸ்பேர் டயரில் ஓடுகிறோம் என்பதை ஏதாவது ஒன்று தினமும் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் நிரலை உண்மையில் பயன்படுத்தும் ஒருவருக்குப் பக்கத்தில் ஒரு வாரம் உட்காருங்கள்; கழகத்தின் உறுப்பினர் பதிவாக இருக்கலாம், தமிழ்ப்பள்ளியின் புத்தகக் கடன் கணக்காக இருக்கலாம். அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் எழுதுங்கள். வாயைத் திறந்து உதவி செய்யாதீர்கள். இது மிகவும் கடினம், முயன்று பாருங்கள். பிறழ்வு நேரும்போதெல்லாம் தேதி, நேரம், அதுவரை எத்தனை மணி ஓடியது, அவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று குறியுங்கள். பத்துப் பிறழ்வு சேர்ந்ததும் இடைவெளிகளைப் பாருங்கள். நீண்டுகொண்டே போனால் நிரல் தேறுகின்றது. சுருங்கினால் நீங்கள் திருத்தும்போதே புதிய பிழைகளை நுழைக்கிறீர்கள். இந்தப் பத்து வரி அட்டவணையை விரிவுரையாளரிடம் காட்டிப் பாருங்கள். வண்ண வரைபடங்களைவிட அதிகக் கேள்வி வரும்.

எங்கள் நிரலில் பிறகு அடையாள எண்ணைக் கட்டாயமில்லாததாக்கி, ஒவ்வொருவருக்கும் தோட்டத்து எண் ஒன்றைக் கொடுத்தோம். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் நிரல் நின்று கேட்கும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு பதிவு வந்தால் எதையும் அழிக்காமல் கிராணியிடம் காட்டும். மாதக் கடைசியில் கங்காணிகளின் தாள்களில் உள்ள மொத்த நாட்களும் நிரலின் மொத்த நாட்களும் ஒத்திருந்தால்தான் சீட்டு அச்சாகும். இந்தக் கடைசிச் சோதனை கிராணி ஐயா சொன்னது. பேரேட்டுக் காலத்தில் முப்பது ஆண்டாக அதைத்தான் அவர் பென்சிலால் செய்து வந்திருக்கிறார். நாங்கள் கேட்டதில்லை.

அந்த அம்மாவின் பாக்கியும் மற்றவருடைய பாக்கியும், சேமநிதிக் கணக்கோடு, அடுத்த சம்பளத்தில் வந்துவிட்டன. சீட்டைப் படிக்கத் தெரியாத அந்த இன்னொரு அம்மாவின் வீட்டுக்குக் கிராணி ஐயாவும் நானும் நடந்தே போனோம். கங்காணியின் தாள்களைத் திண்ணையில் பரப்பி, ஒவ்வொரு நாளாக விரல் வைத்து எண்ணிக் காட்டினேன். பதினேழு வந்தது. அவர் தம் விரலில் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை அரைநாள் போனேனே, அது எங்கய்யா?" என்றார். நிரலில் அரைநாளுக்கு இடமே இல்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன்.